யாரோடு மகன் விளையாடுற?



இலங்கைத்துறையிலிருந்து மூதூர் வரைக்கும் பெற்றோர் ஆசிரியர்களாகிய எங்களிடம் சொல்லும் முறைப்பாடு இப்போது ஒன்றுதான். "சேர், புள்ள எந்நேரமும் போன்ல கேம். கூட்டாளின்னு ஒருத்தனும் இல்ல." முதல் பாதி சரி. இரண்டாவது பாதியைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் கூட்டாளிகள் இருக்கிறார்கள். வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிடாததால் நமக்குத் தெரியவில்லை.

ஒன்லைன் விளையாட்டு என்றால் சுடுவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 1997இல் சுவீடனில் தொடங்கிய 'ஹட்ரிக்' என்ற உதைபந்தாட்ட விளையாட்டில் யாரும் பந்தை உதைப்பதே இல்லை. ஒவ்வொருவரும் ஒரு கழகத்தின் முகாமையாளர். அணியைத் தெரிவுசெய்து கொடுத்துவிட்டால் லீக் போட்டியைக் கணினி நடத்தி முடிவைச் சொல்லும். அதுவும் வாரத்துக்கு ஒன்றுதான். கனடா, அமெரிக்கா பக்கம் ஐஸ் ஹொக்கிக்கும் இப்படியான கற்பனை லீக்குகள் உண்டு. ஒருவர் தனக்கென்று ஒரு வீரரை உருவாக்குவார். லீக்கைப் பற்றிக் கட்டுரை எழுதியும் வேறு வேலைகள் செய்தும் புள்ளி சேர்த்து அந்த வீரரின் திறமையைக் கூட்டுவார். ஆட்டத்தைக் கணினி ஆடும்.

கையால் ஆடுவதும் இல்லை, பெரிய பரிசும் இல்லை. பிறகு எதற்கு வருடக்கணக்காக அதில் இருக்கிறார்கள்? ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நடக்கும் பேச்சுக்காகத்தான். ஓர் அணியின் பட்டியலில் நம் பெயர் இருக்கிறது, இரண்டு நாள் வராவிட்டால் "எங்க ஆளக் காணல?" என்று கேட்க யாரோ இருக்கிறார்கள் என்பது எந்த மனிதருக்கும் சின்ன விஷயம் இல்லை.

நோர்வேயில் மட்ஸ் ஸ்டீன் என்று ஓர் இளைஞர் இருந்தார். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய். சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து 2014இல் 25 வயதில் காலமானார். மகன் நட்பு என்றால் என்னவென்றே தெரியாமல் போய்விட்டானே என்று பெற்றோர் துடித்தார்கள். அவர் எழுதிவந்த வலைப்பதிவில் மரணச் செய்தியைப் போட்டார்கள். பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' விளையாட்டில் பல வருடங்கள் அவரோடு ஒரே குழுவில் இருந்தவர்கள், அவர் தங்களுக்கு எப்படியெல்லாம் ஆறுதலாக இருந்தார் என்று எழுதியிருந்தார்கள். சிலர் வேறு நாடுகளிலிருந்து ஜனாஸாவுக்கே வந்தார்கள். 2024இல் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படமும் வந்தது. பெற்றோர் அன்பில் குறை வைக்கவில்லை. ஆனால் மகனின் கூட்டாளிகளை அவர்கள் அறிந்தது மகன் போன பிறகுதான்.

நோர்வேயை விட்டு நம் ஊருக்கு வருவோம். திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம், தமிழ், சிங்களம் என்று மூன்று சமூகமும் வாழ்கிறோம். எந்தச் சமூகமும் பாதியைத் தாண்டவில்லை. ஆனாலும் பாடசாலை வேறு, மொழி வேறு. தோப்பூர்ப் பிள்ளையும் சம்பூர்ப் பிள்ளையும் சேருவில பிள்ளையும் ஒரே வாங்கில் உட்கார்ந்து படிப்பது எங்கே நடக்கிறது? 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவே தயங்கிய நாட்களை நாம் மறக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் இன்று ஒரே ஸ்குவாடில், அரைகுறைச் சிங்களத்திலும் அரைகுறைத் தமிழிலும் "மச்சான், பின்னால பாரு" என்று ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்கிறார்கள். நல்லிணக்கம் பற்றி நாம் எத்தனை கூட்டம் போட்டோம்? இது கூட்டம் போடாமலே நடக்கிறது.

இன்னும் இருக்கிறது. கட்டாரில் வேலைக்குப் போன நானாவோடு தினமும் பேச ஒரு தம்பிக்கு விஷயம் எங்கே இருக்கிறது? ஒரே கேமில் இருந்தால் இருக்கிறது. மைதானத்தில் எந்த அணியும் சேர்த்துக்கொள்ளாத மெலிந்த பிள்ளைக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது. வயதுக்கு வந்த நம் பெண் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஓடி விளையாட இந்தப் பகுதியில் எத்தனை இடம் உண்டு? கதவை மூடிவிட்டு, ஜன்னலால் ஏன் பார்க்கிறாய் என்று கேட்பது நியாயமா?

இதற்காக எல்லாம் ஹலால், போனைக் கையில் கொடுத்துவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பணம் கட்டிப் பணம் எடுக்கும் விளையாட்டு சூது. கிரிக்கெட் அணி தெரிவுசெய்வது என்ற பெயரில் வந்தாலும் அது சூதுதான். இந்தியா 2025 ஓகஸ்டில் கொண்டுவந்த சட்டத்தைப் பாருங்கள். பணம் வைத்து ஆடும் ஒன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்த அதே சட்டம், இ-ஸ்போர்ட்ஸை ஊக்குவிக்கவும் வழிசெய்கிறது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். அவர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். நாம் மட்டும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி "கேம்" என்று வீசிவிடுகிறோம். அப்படி வீசினால் ஆபத்தானது எது, நல்லது எது என்று பிள்ளை நம்மிடம் கேட்கவே மாட்டான். வயதை மறைத்துப் பழகும் பெரிய ஆட்கள், ரீலோட் காசை விழுங்கும் டொப்-அப், சுபஹைத் தவறவைக்கும் இரவு விளையாட்டு, எல்லாம் மறைவில்தான் வளரும்.

ஒருவர் யாரோடு நட்பு வைக்கிறார் என்று கவனிக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. திரைக்குள் இருக்கும் நண்பனுக்கும் அது பொருந்தும். ஆகவே பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, "எவ்வளவு நேரம் விளையாடுற?" என்பதற்கு முன்னால் "யாரோடு மகன் விளையாடுற?" என்று கேளுங்கள். பெயரும் ஊரும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாள் ஸ்பீக்கரில் போட்டு அந்தப் பிள்ளைகளோடு நீங்களும் இரண்டு வார்த்தை பேசுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் அங்கேதான் கவனம் வேண்டும்.

இரண்டு, நேரத்தைப் பிள்ளையோடு பேசித் தீர்மானியுங்கள். பாதி ஆட்டத்தில் போனைப் பறித்தால் உங்கள் பிள்ளை மட்டும் தோற்பதில்லை. அவனை நம்பிய நாலு பேரும் தோற்கிறார்கள். அந்த வெட்கத்தை அவன் லேசில் மறக்க மாட்டான்.

மூன்று, பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும்: அஸருக்குப் பிறகு மைதானத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள், நன்றாக ஆடுகிறவனுக்கு மட்டும் அல்ல. பெண் பிள்ளைகளுக்கு மறைவான இடமும் தனி நேரமும் ஒதுக்குங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட ஊரிலும் ஓர் அணி இருந்தால் பிள்ளை இரண்டு இடத்திலும் இருப்பான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நல்ல கூட்டாளிகளைத் தருவானாக. அவர்களை அறிந்துகொள்ளும் பொறுமையை நமக்கும் தருவானாக. ஆமீன்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். பிள்ளைகளும் எழுதலாம், ஏச மாட்டோம்.

வஸ்ஸலாம்.