கழுமரத்துக்கும் சாதிச் சான்றிதழ்

"கள்ளனைப் பாடுறதெல்லாம் இலக்கியமாய்யா?" தமிழ் படித்த நண்பர் ஒருவர் கேட்டார். உடுக்கை அடித்துக் காத்தவராயன் கதை பாடுகிறவர்களைத் தேடி நான் அலைவதைப் பார்த்து வந்த கேள்வி இது.

திருப்பிக் கேட்டேன்: ஊமைத்துரை யார்? 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியவர். கும்பினிக் கணக்கில் அவரும் குற்றவாளிதான். அதே ஆண்டு நவம்பரில் கொன்றார்கள். அவர் தப்பியதைப் பாடினால் வீரம். பறையர் வீட்டில் வளர்ந்து, பார்ப்பனப் பெண் ஆரியமாலையை விரும்பிக் கழுவேறிய காத்தவராயனைப் பாடினால் கள்ளத்தனம். சட்டத்தை மீறினவனுக்கு மன்னிப்பு உண்டு, சாதியை மீறினவனுக்குக் கிடையாது. அவ்வளவுதானே சங்கதி?

கொன்றதோடு விட்டார்களா? செத்தவன் பிறப்பையும் திருத்தினார்கள். காத்தவராயன் சிவன் மகனாம். சக்கிலியர் வீட்டில் வளர்ந்து, மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன் காசி ராசா மகனாம். முத்துப்பட்டன் கட்டிக்கொண்ட பொம்மக்கா, திம்மக்காகூடப் பார்ப்பனக் குழந்தைகளாம். இதெல்லாம் பின்னால் ஒட்டியது என்று நா. வானமாமலை அப்போதே எழுதிவிட்டார். நான் வங்கி குமாஸ்தா. கடன் மனுவோடு சாதிச் சான்றிதழைச் சேர்த்துப் பின் குத்துவது என் அன்றாட வேலை. கழுவேறினவனுக்கும் ஒரு சான்றிதழ் குத்தியிருக்கிறார்கள். அதுவும் போலி.

பழங்கதை என்று தள்ளாதீர்கள். 1997இல் ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மன் படையின் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதிகள் கிளம்பின, தென்மாவட்டங்களில் கலவரம். கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. கட்டபொம்மன் பெயரில் ஓடிய பஸ்ஸில் மட்டும் எல்லாரும் ஏறினார்களே, எப்படி?

எங்கள் தருமபுரத்துக் கோயில் கதையும் இதற்குத் தள்ளி இல்லை. யாழில் அடங்காத பதிகத்தைச் சம்பந்தர் பாடினார். திருநீலகண்ட யாழ்ப்பாணர் தன் யாழையே உடைக்கப் போனார். பெரியபுராணத்துக்கு இது பக்தி. பாணன் வாசித்ததால்தான் பதிகத்துக்குப் பெருமை என்று அவருடைய சொந்தக்காரர்கள் சொன்னார்களே, அந்த வாயை அடைக்க வந்த கதை என்கிறேன் நான்.

தோழர்களே, மாணவர்களே, பாட்டைப் பதியப் போங்கள். ஒட்டுப்போட்ட பிறப்புக் கதையை வெட்டிவிடாதீர்கள். பாடுகிறவர் பாடுகிறபடியே எழுதுங்கள். பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள்: இது ஒட்டு, இதனால் லாபம் இன்னாருக்கு. கழுவேறினவனை நம்மால் இறக்க முடியாது. அவன் பிறப்பைப் பூட்டி வைத்த சிறையையாவது உடைப்போம்.