மின்சாரம் வராமல் வீடு முடிவதில்லை

ஒரு வீடு எப்போது முடிவடைகின்றது? கூரை ஏறியதும் என்பார் மேசன். கதவு, யன்னல் பூட்டியதும் என்பார் ஓடாவி. கடைசித் தவணைப் பணம் வங்கியில் வைப்பிலிடப்பட்டதும் கோவையை மூடிவிடுவார் வீடமைப்புத் திட்ட அலுவலர். ஆனால் பால் காய்ச்சிக் குடிபுகுந்த குடும்பமோ பொழுதுபட்டதும் குப்பி விளக்கைத் தேடுகின்றது. எம்மைப் பொறுத்தவரை, மின்மானி பொருத்தப்படும் நாளே வீடு முடிவடையும் நாளாகும்.

போரின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. 2010 இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 50,000 வீடுகளில் 46,000 இவ்விரு மாகாணங்களுக்கும் உரியவை. புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. பயனாளிகள் தாமே நின்று கட்டினர். சீமெந்தும் மணலும் விலையேற, பலர் நகையை அடகு வைத்தும் கடன்பட்டுமே கூரையைக் கண்டனர். அந்த நிலையில் மின் இணைப்புக்கு எஞ்சியது என்ன? இன்றும் மானியத்திலோ கடனிலோ கட்டப்படும் கிராமத்து வீடுகளின் கதை இதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல.

மின் இணைப்பு என்பது கம்பத்திலிருந்து ஒரு வயரை இழுத்துவிடும் காரியமன்று. முதலில் வீட்டுக்குள் வயரிங் செய்யவேண்டும். தகுதி பெற்ற மின்னியலாளர் ஒருவர் அதனைப் பரிசோதித்து அறிக்கை தரவேண்டும். அடையாள அட்டைப் பிரதியுடன், வீடோ காணியோ தமக்குரியது அல்லது தாம் அங்கு வசிப்பவர் என்பதற்கான பத்திரமும் வேண்டும். அதன் பின்னரே மதிப்பீடு, பணம் கட்டுதல், மின்மானி. கம்பம் தொலைவில் இருந்தால் செலவும் ஏறும். வயர் அயலவர் காணிக்கு மேலாகப் போவதானால் அவருடைய சம்மதமும் தேவை. அவர் மறுத்தால் விடயம் பிரதேச செயலாளரின் விசாரணை வரை செல்லும்.

வன்னியில் பலருடைய காணி, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த அரச காணி. இடப்பெயர்வில் அப்பத்திரத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. பத்திரம் இறந்துபோன கணவர் பெயரிலோ தகப்பனார் பெயரிலோ இருப்பதும் உண்டு. கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய், கிராம அலுவலரிடம் ஒரு நாளும் பிரதேச செயலகத்துக்கு இரு நாட்களும் அலைந்தால் மூன்று நாள் கூலி போய்விடும். அவர் 'பிறகு பார்ப்போம்' என்று விட்டுவிடுவதில் வியப்பென்ன?

அந்தப் 'பிறகு' மிகவும் விலை கூடியது. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் உயர்ந்தபோது, அதிகம் அடிபட்டவை இருளில் இருந்த வீடுகளே. குப்பி விளக்கு சரிந்து ஏற்பட்ட எரிகாயங்களைக் கண்டு மனம் வருந்திய சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர, எளிதில் சரியாததும் உருளாததுமான குட்டையான விளக்கொன்றை உருவாக்கினார். அதற்காக அவர் 1998 இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். ஒரு வைத்தியர் விளக்குச் செய்யப் புறப்படும் அளவுக்கு அந்த ஆபத்துப் பெரிதாக இருந்தது.

மற்றொரு வழி, பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுப்பது. உதவும் மனம் நல்லதுதான். ஆனால் வேலியிலும் மரக்கிளையிலும் தொங்கும் வயர் மழையில் நனைந்து உயிரைக் குடிக்கும். அலகுகள் கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடும் ஆதலால், உதவிய வீட்டின் பட்டியலும் எகிறும். ஈற்றில் உறவும் முறியும்.

"வீட்டைக் கொடுத்தாயிற்று, வெளிச்சத்தையாவது அவர்கள் தேடட்டும்" என்போர் உளர். மக்கள் தம் பங்கைச் செய்யவேண்டும் என்பது சரியே. ஆயினும் கூரைக்கே கடன்பட்டவரிடம் வயரிங் கூலி, பரிசோதனை, இணைப்புக் கட்டணம் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கேட்பது, ஏணியின் கடைசிப் படியைக் கழற்றிவிட்டு ஏறச் சொல்வதாகும்.

ஆகவே வீடமைப்புக்கு உதவும் அரச, தொண்டு நிறுவனங்கள் மின் இணைப்புச் செலவையும் வீட்டின் மதிப்பீட்டில் சேர்க்கவேண்டும். மின்மானி பொருத்தப்பட்ட பின்பே கோவையை மூடவேண்டும்.

வீடு கட்டுவோர் அத்திவாரம் வெட்டும் நாளிலேயே, அண்மைய கம்பம் எவ்வளவு தூரம் என்று அளந்து, மின் விநியோக அலுவலகத்தில் விசாரிக்கவேண்டும். காணிப் பத்திரங்களை அப்போதே ஒழுங்குபடுத்தலாம். சுவர் பூசுமுன் குழாய்களைப் பதித்தால் பின்னர் சுவரை உடைக்க வேண்டியதில்லை. செலவைக் குறைக்கும் நோக்கில் புவித்தொடுப்பையும் ட்ரிப் சுவிற்சையும் விட்டுவிடுதல் கூடாது. மின்சாரம் மனித உடலினூடாக நிலத்துக்குக் கசிந்தால் ட்ரிப் சுவிற்ச் கண நேரத்தில் அதைத் துண்டிக்கும். புவித்தொடுப்பு இருந்தாலோ, பழுதான பொருளை நாம் தொடுமுன்னரே அது நிகழ்ந்துவிடும்.

கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் இதில் பெரிய பங்குண்டு. ஒரே ஒழுங்கையில் உள்ள ஐந்து வீட்டார் ஒன்றாக விண்ணப்பித்தால், யாருடைய காணியால் வயர் போவது என்பதை முன்கூட்டியே பேசித் தீர்க்கலாம். ஐந்து பேர் அலைய வேண்டிய இடத்தில் ஒருவர் போய் வரலாம். சங்கத்தின் சுழற்சி நிதியிலிருந்து வயரிங்குக்குச் சிறு கடன் கொடுக்கலாம். ஊர் இளைஞர் ஒருவரை மின்னியல் பயிற்சிக்கு அனுப்பினால், அவருக்குத் தொழிலும் ஊருக்கு நம்பிக்கையான கையும் கிடைக்கும்.

உங்கள் கிராமத்தில் கூரை ஏறியும் இருளில் இருக்கும் வீடுகள் எத்தனை? அடுத்த சங்கக் கூட்டத்தில் இக்கேள்வியை எழுப்புங்கள். ஒவ்வொரு வீடும் பத்திரத்தினாலா, பணத்தினாலா, கம்பத்தினாலா தடைப்பட்டுள்ளது என்று எழுதுங்கள். தடை எதுவென்று தெரிந்தால் யாரிடம் போவதென்றும் தெரியும்.