ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்டின் டவுன்

ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிற நம் பொட்டி தட்டும் கூட்டத்துக்கு, போன ஊரைப் பார்க்க ராத்திரியை விட்டால் வேறு நேரம் கிடையாது. பகல் முழுக்க மீட்டிங், சாயங்காலம் மிச்சமிருக்கும் ஆணி. எட்டு மணிக்கு மேல்தான் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி விடுகிறார்கள். "பேர் தெரியாத சந்துல எல்லாம் சுத்திட்டு வந்தேன்" என்று மறுநாள் கதையும் சொல்கிறார்கள். பெண்களுக்கு மட்டும் அந்த எட்டு மணியோடு ஊர் மூடி விடுகிறது. இன்றைய புலம்பல் இதைப் பற்றித்தான்.

நான் பிழைக்க வந்திருப்பது ஹாலந்தில், டெல்ஃப்ட் என்கிற சின்ன ஊரில். ஒரு லட்சம் பேர் இருப்பார்கள். ஆறு மணிக்கெல்லாம் கடைகளை மூடி விடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்திருக்கும். ஒன்பது மணிக்கு வாய்க்கால் ஓரம் நடந்தால் எதிரில் ஒரு சைக்கிள் வந்தால் உண்டு. பாதி வீடுகளில் திரையே போட மாட்டார்கள். உள்ளே விளக்கடியில் உட்கார்ந்து புத்தகம் படிப்பவர் தெருவிலிருந்து அப்படியே தெரிவார். வந்த புதிதில் எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. யாரும் நம்மை ஏறிட்டுப் பார்ப்பதில்லை, எங்கே போகிறாய் என்று கேட்பதுமில்லை.

இந்தப் பழக்கத்தோடு இரண்டு வார ஆபீஸ் வேலைக்குப் பெங்களூர் போனேன். தங்கியது ரெசிடென்சி ரோடு பக்கம். முதல் நாளே ஓட்டல் வரவேற்பில் இருந்த தம்பி, "மேடம், ராத்திரி வெளியே போகணும்னா சொல்லுங்க, கேப் புக் பண்றேன், நடந்து மட்டும் போகாதீங்க" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். எங்கள் டீமில் இருக்கும் சின்னப் பெண்ணிடம் இதைச் சொன்னால், "அக்கா, நான் மூணு வருஷமா இங்க இருக்கேன். ஒன்பது மணிக்கு மேல நடந்ததே இல்ல. பத்து மணிக்குப் பிஜி கேட்டைப் பூட்டிடுவாங்க" என்றாள். மூன்று வருடம்! சம்பளம் வாங்கி, வரி கட்டி, அந்த ஊரின் ராத்திரியைக் கார் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்திருக்கிறாள்.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி நான் நடந்தேன். ரெசிடென்சி ரோடு, ரிச்மண்ட் ரோடு எல்லாம் டெண்டர்ஷ்யூர் திட்டத்தில் 2010-களின் நடுவில் திருத்தி அமைத்த சாலைகள். ஒயர், குழாய் எல்லாம் அடியில் போய், மேலே அகலமான நடைபாதை. நடக்க சுகம். ஜான்சன் மார்க்கெட் பக்கம் வந்து, அப்படியே ஆஸ்டின் டவுனுக்குள் நுழைந்தால் அந்த நடைபாதை இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது. மனிதர்கள்.

தெரியாதவர்களுக்காக: ஆஸ்டின் டவுன் பழைய கண்டோன்மென்ட்டைச் சேர்ந்த பகுதி. 1809-ல் வெள்ளைக்காரப் பட்டாளம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாறியபோது, பின்னாலேயே வேலைக்கும் வியாபாரத்துக்கும் தமிழ் சனம் நிறைய வந்தது. அவர்கள் வம்சம் இன்றும் இந்தப் பக்கமெல்லாம் இருக்கிறது. அரசாங்கக் கணக்கில் ஆஸ்டின் டவுனுக்குப் பெயர் கிட்டல் நகர். 1894-ல் வெளியான கன்னட - ஆங்கில அகராதியைத் தொகுத்த ஜெர்மன் பாதிரியார் கிட்டலின் பெயர். தமிழர் நிறைந்த தெருக்கள், ஆங்கிலப் பெயர், கன்னட அகராதிக்காரர் நினைவு. பெங்களூரே இந்த ஒரு வரியில் அடங்கி விடும் :-)

மணி பத்து இருக்கும். குறுகலான தெருக்கள், வாசல்படி நேராகத் தெருவில் இறங்குகிறது. படியில் உட்கார்ந்து பூண்டு உரிக்கும் பெண்கள். பக்கத்து விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலில் வியாழக்கிழமை விசேஷம். ஜெபம் முடித்துப் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் குடும்பம் குடும்பமாக நடந்து வருகிறார்கள், அதில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் நிறைய. கபாப் வண்டியில் எண்ணெய் கொதிக்கிறது. தெருவிளக்கடியில் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். இந்தப் பக்கம் கால்பந்துப் பைத்தியம் அதிகம்.

ஒரு முக்கில் நான் வழி தெரியாமல் நிற்க, படியில் இருந்த பாட்டி கேட்டார்: "யாரு வூட்டுக்குப் போவணும் கண்ணு?"

"யார் வீட்டுக்கும் இல்ல பாட்டி, சும்மா நடக்கறேன்."

"சும்மாவா?" என்று ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி, நட. அந்தாண்ட பக்கம் லைட்டு இல்ல, இப்படி சுத்திக்கினு போ."

எனக்குப் பயமே வரவில்லை. பயம் வந்தது எங்கே தெரியுமா? திரும்பும்போது ஓசூர் ரோட்டில். கல்லறைத் தோட்டத்தின் நீளமான மதில், அகலமான சாலை, பறக்கிற கார்கள். நூறடிக்கு ஒரு ஆள் கூட இல்லை. கூப்பிட்டால் கேட்கக் காது இல்லாத இடம்தான் ஆபத்தான இடம். அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் 1961-லேயே ஒரு புத்தகத்தில் இதைத்தான் எழுதினார்: தெருவின் மேல் கண்கள் இருக்க வேண்டும், அந்தக் கண்கள் கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும்தான் என்று. நம் பாட்டிக்கு அது படிக்காமலே தெரிந்திருக்கிறது.

உடனே "பார்த்தீர்களா, நம்ம ஊர் பண்பாடு" என்று கொடி பிடிக்க வேண்டாம். அந்தக் கண்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நான் வெளியூர்க்காரி, பாட்டி விட்டுவிட்டார். அதே தெருவில் பிறந்த பெண் பத்து மணிக்குச் "சும்மா நடக்கறேன்" என்றால், காலையில் அவள் அம்மாவுக்குச் சேதி போயிருக்கும். மும்பையில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-ல் எழுதிய புத்தகம் இதைத்தான் கேட்டது: காரணம் சொல்லாமல் வெளியே நிற்கும் உரிமை பெண்ணுக்கு ஏன் இல்லை? வேலைக்கு, கோயிலுக்கு, மருந்துக் கடைக்குப் போகலாம். சும்மா போகக் கூடாது.

சரி, கேப் கலாசாரம் எப்படி இவ்வளவு இறுகியது? 2005 டிசம்பரில் பெங்களூரில் கால்சென்டர் வேலைக்கு ராத்திரி கிளம்பிய ஒரு பெண்ணை, அழைத்துப் போக வந்த ஓட்டுநரே பலாத்காரம் செய்து கொன்றான். நாடே அதிர்ந்தது. அதற்குப் பின் கம்பெனிகள் வண்டிக்குக் காவலாளி, முதலில் ஏறவும் கடைசியில் இறங்கவும் பெண் கூடாது என்றெல்லாம் விதிகளை இறுக்கின. தேவையான விதிகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் குற்றம் நடந்தது வண்டியால். நாம் கண்ட தீர்வு இன்னும் கெட்டியான வண்டி. தெருவைப் பற்றி யாரும் பேசவில்லை.

இதே மாதிரி ஒரு அதிர்ச்சிக்கு டச்சுக்காரர்கள் வேறு பதில் சொன்னார்கள். 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டியிருக்கலாம். பெற்றோர் நடுரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று ஒரு இயக்கமே நடந்தது. நான் இருக்கும் டெல்ஃப்டில் அதற்குச் சற்று முன்பே வோனர்ஃப் என்று ஒரு யோசனை பிறந்திருந்தது: குடியிருப்புத் தெருவில் கார் விருந்தாளி, நடக்கிறவரும் விளையாடுகிறவரும் வீட்டுக்காரர். 1976-ல் அதற்குச் சட்டமே வந்தது. இன்று அங்கே சாலை மரணம் ஆண்டுக்குச் சுமார் எழுநூறு. (ஆஸ்டின் டவுன் சந்து சட்டமில்லாமலே பாதி வோனர்ஃப், அது தனிக் கதை.)

டச்சு தேசம் சொர்க்கம் என்றும் சொல்ல வரவில்லை. 2025 ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாம் அருகே ராத்திரி சைக்கிளில் வீடு திரும்பிய 17 வயதுப் பெண் கொல்லப்பட்டாள். நாடு முழுக்க பெண்கள் கொதித்தார்கள். அவர்கள் எழுப்பிய முழக்கம்: இரவு எங்களுக்கு வேண்டும். பயந்து வீட்டில் இருக்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை.

நம் பக்கமும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2003-ல் பெங்களூரில் தொடங்கிய பிளாங்க் நாய்ஸ் பெண்களைப் பொது இடத்தில் சும்மா இருக்கச் சொல்லியே இயக்கம் நடத்துகிறது. 2019 டிசம்பரில் கேரள அரசு பெண்களின் இரவு நடையையே ஏற்பாடு செய்தது. தமிழ்நாட்டில் 2021-லும் கர்நாடகத்தில் 2023-லும் பெண்களுக்கு இலவச பஸ் வந்தது. நல்லது. ஆனால் பஸ் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்குப் போகும் அரை கிலோமீட்டருக்கு டிக்கெட் யார் கொடுப்பது?

அந்த அரை கிலோமீட்டருக்கு வேண்டியது ரொம்பப் பெரிய விஷயமில்லை. நடைபாதை ரிச்மண்ட் ரோட்டோடு நிற்காமல் ஆஸ்டின் டவுன், நீலசந்திரா வரை வரட்டும். விளக்கு கார் போகும் உயரத்துக்கு மட்டும் எரியாமல், நடக்கிறவர் முகம் தெரிகிற மாதிரி எரியட்டும். பத்து மணிக்குத் தள்ளுவண்டியை விரட்டாதீர்கள். 2014-லேயே தெருவோர வியாபாரிகளுக்குச் சட்டம் வந்து விட்டது, அந்த வண்டிக்காரர்தான் காசு வாங்காத காவல்காரர். நீளமான மதில் சுவர் ஓரம் நாலு பூக்கடை, ஒரு டீக்கடை வந்தால் பாதிப் பயம் போய் விடும்.

படிக்கிறவர்களில் மேனேஜர்களும் இருப்பீர்கள். பெண்களுக்குக் கேப் கொடுங்கள், நிறுத்த வேண்டாம். கூடவே ஆபீஸ் வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை ஒரு ராத்திரி நீங்களே நடந்து பாருங்கள். எங்கே விளக்கில்லை என்று எழுதி மாநகராட்சிக்கு அனுப்புங்கள். கம்பெனி லெட்டர்பேடில் போகிற புகாருக்கு நம் ஊரில் மரியாதை அதிகம். பெண்ணை வீட்டு வாசலில் இறக்கி விட்டதோடு பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறவரை, இருபத்து நாலு மணி நேர ஊர் என்று நாம் பீற்றிக்கொள்வது பாதிப் பேருக்குத்தான் உண்மை.