சந்தை எங்கே இருக்கிறது?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸா திண்டிவனத்தில் இருப்பதால், வாரத்தில் பல நாள்கள் இந்தப் பாதையில்தான் நம் பயணம். சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலை ரயிலில், நம் மாணவர் ஒருவரின் தந்தை அருகில் வந்து அமர்ந்தார். ரியாத்தில் கைப்பேசிக் கடையொன்றில் பழுது பார்ப்பவராகப் பல ஆண்டுகள் இருந்தவர். 2016-ஆம் ஆண்டு, கைப்பேசி விற்பனையும் பழுது நீக்கமும் தன் குடிமக்களுக்கே உரியவை என்று சவூதி அரசு ஆணையிட்டது. அவ்வாண்டு செப்டம்பரோடு அவருடைய வேலை முடிந்தது.

மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று நிலையங்கள் கடந்துகொண்டிருந்தன. அவர் பேச்சு மட்டும் ரியாத்தை விட்டு நகரவில்லை. "முன்னாடியே வேற வேலைக்கு மாறியிருந்தா இன்னைக்கு அங்கேயே இருந்திருப்பேன், ஹஸ்ரத்." ஊர் திரும்பியபின் இரண்டு முறை விசா முகவர்களிடம் பணம் கட்டி இழந்திருக்கிறார். இரண்டு முறையும் அடகுக்குப் போனவை மனைவியின் நகைகள். மூன்றாம் முறை முயல்வதற்கு நம்மிடம் துஆ கேட்டார். நாமும் துஆ செய்தோம். சபுர் செய்யுங்கள் என்றோம். விழுப்புரம் சந்திப்பில் இறங்கி வீடு போய்ச் சேர்ந்தோம். அன்று நாம் சொன்னது போதாது என்பது பிறகுதான் உறைத்தது.

'இப்படிச் செய்திருந்தால்' என்ற சொல் ஷைத்தானின் செயலுக்குக் கதவைத் திறக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மிம்பர்களில் அடிக்கடி ஒலிக்கும் செய்திதான். ஆனால் அதன் முற்பகுதியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். உனக்குப் பயனளிப்பதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாதவனாய் உட்கார்ந்துவிடாதே என்னும் கருத்தே அங்கு முதலில் வருகிறது. பழையதை விடுவது அதற்கு அடுத்தபடி. கையில் பிடிக்க ஒன்றுமில்லாதவனிடம் பழையதை விட்டுவிடு என்றால் அவன் எப்படி விடுவான்?

துக்கமே கூடாது என்றும் மார்க்கம் சொல்லவில்லை. இறந்தவருக்காகத் துக்கம் காக்க மூன்று நாள்கள். கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள்கள். மரணத்திற்கே எல்லை உண்டு. போன வேலைக்கு நாம் ஆண்டுக்கணக்கில் துக்கம் காக்கிறோம்.

எதிர்காலத்தைக் கண்முன் நிறுத்திப் பாருங்கள் என்று இக்காலத்து ஊக்கப் பேச்சாளர்கள் சொல்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் கண்ணை மூடினால் நம் சகோதரருக்குத் தெரிவது மீண்டும் விமான நிலையம்தானே! அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். மக்காவில் பெரும் வணிகர். ஹிஜ்ரத்தில் எல்லாம் போயிற்று. மதீனாவில் ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவரோ பரக்கத்துக்காக துஆ செய்துவிட்டு, இங்கே சந்தை எங்கே இருக்கிறது என்று கேட்டார். பனூ கைனுகா சந்தையில் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றார். சில நாள்களில் ஒரு பேரீச்சங்கொட்டை எடைத் தங்கத்தை மஹராகக் கொடுத்து மணம் முடிக்கும் நிலைக்கு வந்தார். அவர் கண்முன் நிறுத்திய எதிர்காலம் மறுநாள் காலைச் சந்தை, அவ்வளவே.

கௌரவம் தடுக்கிறது என்பார்கள். ஃபிர்அவ்னின் மாளிகையில் வளர்ந்த மூஸா (அலை) அவர்கள் மத்யனில் எட்டு அல்லது பத்து ஆண்டுகளுக்குக் கூலி வேலையை ஒப்புக்கொண்டார்கள். அதை விடவா நம் கௌரவம் பெரிது?

குற்றம் அந்தச் சகோதரர் மீது மட்டும் இல்லை. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், "மறுபடி எப்போ கெளம்புறீங்க, பாய்?" என்று கேட்பவர்கள் நாம்தாம். 'வெளிநாட்டு மாப்பிள்ளை' என்றால் ஒரு விலை, உள்ளூர்க் கடைக்காரர் என்றால் ஒரு விலை என்று பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பேசுவதும் நம் வீடுகளில்தான். ஸஅத் (ரலி) அவர்களைப் போல் பாதிச் சொத்தை யாரும் தர வேண்டாம். கடை வைத்திருக்கும் ஒருவர், ஊர் திரும்பியவரை ஒரு மணி நேரம் தம் கல்லாவுக்கு அருகே உட்காரவைத்து, எந்தச் சரக்கு ஓடுகிறது, கடன் எவ்வளவு நிற்கிறது என்று கணக்கு நோட்டைத் திறந்து காட்டலாமே. சென்னையிலிருந்து வரும் வண்டிகள் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் திருச்சிக்குமாகப் பிரியும் ஊர் திண்டிவனம். சுற்றியுள்ள கிராமங்களில் கைப்பேசி இல்லாத வீடு அரிது. பழுது பார்க்கத் தெரிந்த கைக்கு இங்கே வேலை இல்லை என்று நாம் எப்படி முடிவு செய்தோம்?

இவற்றையெல்லாம் அடுத்த சந்திப்பில் அவரிடம் சொன்னோம். முதல்முறை சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்பும் கேட்டோம். அவர் பதில் ஏதும் கூறவில்லை. சற்று வருத்தப்பட்டார் என்றே தோன்றியது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகனைப் பார்க்க மதரஸாவுக்கு வந்தவர், விசாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. "திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் யாராவது கடையில ஒரு மேசை போட இடம் கொடுப்பாங்களா, ஹஸ்ரத்? வாடகை எவ்வளவு கேப்பாங்க?" என்றார். நமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். வியாழக்கிழமை அஸருக்குப் பின் அவரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.