எட்டாம் பக்கத்தில் இருந்த எச்சரிக்கை

2017-ம் ஆண்டு ஜூலை மாதம் 7-ந் தேதி. நள்ளிரவுக்குச் சில நிமிடங்களே பாக்கி. அமெரிக்காவில் உள்ள சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில், புறப்படுவதற்காக 4 விமானங்கள் வரிசையாகக் காத்து நின்றன.

கனடாவில் உள்ள டொரண்டோ நகரில் இருந்து 140 பேருடன் ஒரு விமானம் இறங்க வந்தது. அது ஓடுபாதையை நோக்கி வரவில்லை. காத்து நின்ற விமானங்களின் தலைக்கு மேலேயே வந்தது!

கீழே நின்ற விமானி ஒருவர், "இவர் எங்கே போகிறார்?" என்று ரேடியோவில் பதறினார். இன்னொருவர் தன் விமானத்தின் விளக்குகளைப் பளிச்சென்று எரிய விட்டார். வந்த விமானம் சட்டென்று மேலே எழும்பியது. அப்போது அது தரையில் இருந்து சுமார் 60 அடி உயரத்தில் இருந்தது. அது தாண்டிப் போன விமானம் ஒன்றின் வால் மட்டுமே சுமார் 55 அடி உயரம்! 5 விமானங்களிலும் சேர்த்து ஆயிரம் பேருக்கு மேல் மயிரிழையில் உயிர் தப்பினார்கள்.

விமானிக்குத் தெரியாதா?

அங்கே இரண்டு ஓடுபாதைகள் பக்கம் பக்கமாக உண்டு. அன்றிரவு இடது பாதை வேலைக்காக மூடப்பட்டு, விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. அது மூடியிருப்பது விமானிகளின் நினைவில் இல்லை. எனவே, எரிந்து கொண்டிருந்த வலது பாதையை இடது பாதை என்று எண்ணினார்கள். அதற்கும் வலப்புறம், விமானங்கள் ஊர்ந்து செல்லும் பக்கப் பாதையை ஓடுபாதை என்று நம்பினார்கள்.

பாதை மூடியிருப்பதை அவர்களுக்குச் சொல்லவில்லையா? சொல்லியிருந்தார்கள். புறப்படும்போது அவர்கள் கையில் கொடுத்த 27 பக்கத் தாள்களில், 8-ம் பக்கத்தில் அந்தச் செய்தி இருந்தது.

இத்தகைய அறிவிப்புக்கு "நோட்டாம்" என்று பெயர். ஓடுபாதை மூடல், விளக்குப் பழுது, பக்கத்தில் புதிதாக நிற்கும் கிரேன் எல்லாம் இதில்தான் வரும். 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது சென்னை விமான நிலைய ஓடுபாதையில் வெள்ளம் புகுந்து போக்குவரத்து நின்றதே, அப்படிப்பட்ட சேதியும் விமானிகளுக்கு இந்த வழியாகவே போகும். இது இல்லாமல் விமானம் ஓட்ட முடியாது. 2023-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி, அமெரிக்காவில் இந்த அறிவிப்புகளை அனுப்பும் கம்ப்யூட்டரில், வேலை பார்த்தவர்கள் தவறுதலாகச் சில கோப்புகளை அழித்துவிட்டார்கள். அன்று காலை நாடு முழுவதும் விமானங்கள் புறப்படுவதை நிறுத்த வேண்டியதாயிற்று.

இவ்வளவு முக்கியமான அறிவிப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது? எல்லாம் பெரிய எழுத்து. பாதிச் சொற்கள் அரைகுறைச் சுருக்கம். நேரமோ உலகப் பொது நேரம். சென்னையில் ஜனவரி 15-ந் தேதி அதிகாலை 4 மணி என்றால், அறிவிப்பில் 14-ந் தேதி 22 மணி 30 நிமிடம் என்று இருக்கும். அதையும் ஆண்டு, மாதம், தேதி, மணி எல்லாம் ஒட்டி, "2501142230" என்று ஒரே எண்ணாக எழுதுவார்கள். தூக்கம் கெட்ட விமானி நடுராத்திரியில் இதைப் பிரித்துப் படிக்க வேண்டும்!

டெலிபிரிண்டர் காலத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் சிக்கனம் தேவைப்பட்டது. அப்போது பிறந்த பாஷை இது. இந்தியாவில் தந்தி சேவையே 2013-ல் நின்றுவிட்டது. விமானிகளின் தந்தி பாஷை நிற்கவில்லை.

யாருக்காக இந்த அறிவிப்பு?

பாஷையைக்கூடப் பொறுத்துக் கொள்ளலாம். பொறுக்க முடியாதது வரிசை. ஓடுபாதை மூடல் என்ற உயிர் போகும் சேதியும், எங்கோ ஒரு கோபுரத்தில் விளக்கு எரியவில்லை என்ற சில்லறைச் சேதியும் ஒரே தோரணையில் வருகின்றன. சான்பிரான்சிஸ்கோ சம்பவத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ராபர்ட் சம்வால்ட், யாரும் கவனிக்காத குப்பை இது என்று 2018-ல் பகிரங்கமாகவே சொன்னார்.

குப்பை சேருவதற்குக் காரணம் உண்டு. ஒரு சேதியை விட்டுவிட்டு விபத்து நடந்தால் அதிகாரியின் தலை உருளும். எல்லாவற்றையும் போட்டுவிட்டால் படிக்காதது விமானியின் குற்றம்! தாலுகா ஆபீஸ் சுவரில் நோட்டீசு ஒட்டிவிட்டால் ஊருக்கே சொன்னதாகக் கணக்கு வைப்பார்களே, அந்தக் கதைதான்.

விமானிகள் மீது குற்றமே இல்லை என்பதல்ல. 2010-ம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்க செனட் சபை உறுப்பினர் ஜேம்ஸ் இன்ஹோப், தானே ஓட்டி வந்த சிறு விமானத்தை டெக்சாஸ் மாநிலத்தில் மூடிக் கிடந்த ஒரு ஓடுபாதையில் இறக்கினார். பாதையில் ஆட்கள் வேலை செய்து கொண்டிருந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. அறிவிப்பு இருந்தது, அவர்தான் பார்க்கவில்லை. அவருக்கு மறுபயிற்சி கொடுத்தார்கள். அவரோ, நோட்டாம் முறையைச் சீர்திருத்தும்படி 2012-ல் ஒரு சட்டமே கொண்டு வந்துவிட்டார். சொந்தக் கோபத்தில் பிறந்தது என்றாலும் நல்ல சட்டம்தான். ஆனால் அது வந்து சுமார் 5 ஆண்டு கழித்துத்தான் சான்பிரான்சிஸ்கோவில் அந்த 8-ம் பக்கம்!

தெரிந்தும் நடந்த விபத்து

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2000-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி இரவு, தைவான் நாட்டுத் தைபே நகரில் புயல் மழை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று புறப்பட்டது. ஓடுபாதை ஒன்றின் ஒரு பகுதி பழுது பார்ப்பதற்காக மூடப்பட்டிருந்தது. இது விமானிகளுக்குத் தெரியும். தெரிந்தும், கொட்டும் மழையில் தவறுதலாக அந்தப் பாதையிலேயே திரும்பி வேகம் எடுத்தார்கள். அங்கே நின்ற இயந்திரங்கள் மீது விமானம் மோதித் தீப்பிடித்தது. 179 பேரில் 83 பேர் மாண்டார்கள். மூடிய பாதையின் வாசலில் ஒரு தடுப்புக்கூட வைக்கப்படவில்லை.

ஆகவே, தாளில் எழுதிக் கொடுத்ததோடு விமான நிலையத்தின் பொறுப்பு தீரவில்லை. ஓடுபாதை மூடல் முதல் பக்கத்தில் முதல் வரியாக வர வேண்டும். படமாக வரைந்து காட்டினால் இன்னும் நல்லது. தேவையான நிமிடத்தில் கோபுரத்தில் இருந்து வாயாலும் சொல்ல வேண்டும். காலாவதியான சேதிகளை எடுத்து எறிய வேண்டும். எறிகிறவருக்கு, "ஏன் எடுத்தாய்?" என்ற மெமோ வரக்கூடாது.

சான்பிரான்சிஸ்கோவில் 2017-லேயே ஒரு மாற்றம் செய்தார்கள். பக்கத்து ஓடுபாதை மூடிக் கிடக்கும் இரவுகளில், கண்ணால் பார்த்து மட்டும் இறங்க அனுமதி இல்லை. கருவியின் வழிகாட்டுதலோடுதான் இறங்க வேண்டும் என்றார்கள். 8-ம் பக்கத்தைப் படிக்காமல் வருகிறவரையும் அது சரியான பாதைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.