கலங்கின பீரும் தெளிவான கணக்கும்

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். இது யாரையும் குடிக்கச் சொல்ற பதிவு இல்லை. குடி உடம்புக்கும் கேடு, வீட்டுக்கும் கேடு. நானே வருஷத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல தொடறதில்லை, அதுவும் தங்கமணி ஊருக்குப் போயிருந்தாத்தான் :-) பீர்ல ஆரம்பிச்சாலும் சொல்ல வந்தது கூட்டு வியாபாரத்தைப் பத்தி.

போன மாசம் நாலாவது சனிக்கிழமை. பேங்க் லீவு. என் அக்கா பையன் பெங்களூர்லேர்ந்து ராத்திரி பஸ்ல புனே வந்து இறங்கினான். கையில ஒரு தெர்மோகோல் பெட்டி. அக்கா ஏதோ பட்சணம் கொடுத்து அனுப்பியிருக்கான்னு நான் ஆசையா வாங்கப் போனா, "மாமா, அதைச் சாய்க்காதீங்க, உள்ளே ஈஸ்ட் இருக்கு"ங்கறான்.

பையன் பயோடெக்னாலஜி படிச்சுட்டு ஒரு மைக்ரோப்ரூவரில பீர் காய்ச்சற வேலை பார்க்கறான். கோவில்பட்டில அக்கா எல்லார்கிட்டயும் "ஃபுட் கம்பெனி"ன்னுதான் சொல்லி வச்சிருக்கா. புனேல இருக்கற இன்னொரு மைக்ரோப்ரூவரியோட சேர்ந்து ஒரே ஒரு தடவை ஒரு பீர் காய்ச்ச வந்திருக்கானாம். அவங்க பாஷையில 'கொலாப்'. காய்ச்சறது 'ஹேஸி டபுள் ஐபிஏ'.

"அப்படின்னா?"

"வாங்க மாமா, காட்டறேன்."

போனேன். ஐபிஏன்னா இந்தியா பேல் ஏல். நம்ம நாட்டுப் பேர்தான் அது. டபுள்னா சரக்கு கூட, ஆல்கஹால் எட்டு சதவீதம் பக்கம் வரும். ஹேஸின்னா கலங்கல். பாதாம்பாலைத் தண்ணி விட்டுக் கலக்கின மாதிரி மஞ்சளா, அடி தெரியாம இருக்கும். ஓட்ஸும் கோதுமையும் நிறையப் போடறதால வர்ற புரதமும், ஹாப்ஸ் பூவுல இருக்கற சத்தும் சேர்ந்து அந்தக் கலங்கலைக் கொடுக்குது. ஹாப்ஸைக் கொதிக்கவிட்டா கசப்பு ஏறும். அதனால பெரும்பகுதியைக் கொதி நின்னப்புறமும், புளிச்சுக்கிட்டு இருக்கும்போதும்தான் போடறாங்க. கசப்பு அடங்கி மாம்பழம், ஆரஞ்சு மாதிரி வாசனை தூக்குது.

ஒரு காலத்துல கலங்கின பீர்னா காய்ச்சறவனுக்குத் தொழில் தெரியலைன்னு அர்த்தம். அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்து வாட்டர்பரில ஜான் கிம்மிச் 2003ல ஆரம்பிச்ச 'தி ஆல்கெமிஸ்ட்' காய்ச்சின 'ஹெடி டாப்பர்' பீர்தான் இந்த ருசியைப் பரப்பினதுல முக்கியமானது. 2018ல அந்த நாட்டு ப்ரூவர்கள் சங்கமே இதைத் தனி ரகமாப் பட்டியல்ல சேர்த்துடுச்சு.

பீர் பாடம் போதும். எனக்குப் பிடிபடாம இருந்தது வேற. இருபது வருஷமா சிறு தொழில் லோன் பார்க்கற ஆள் நான். போட்டிக் கடைக்காரன் ரெண்டு பேர் ஒரே அண்டாவுக்கு முன்னாடி நின்னு சிரிச்சுப் பேசறதைப் பார்த்தா கை தானா ஃபைலைத் தேடும். கேட்டுட்டேன்.

"டேய், யார் என்ன போடறீங்க?"

"டேங்க், லைசென்ஸ், மால்ட், ஓட்ஸ் எல்லாம் இவங்க. ரெசிபியும் ஈஸ்ட்டும் எங்களுது. ஹாப்ஸ் பாதிப் பாதி. அமெரிக்காலேர்ந்து வர்றது மாமா, விலை ஜாஸ்தி."

"லாபம்?"

"இங்கே வித்தா இவங்களுக்கு. அடுத்த மாசம் பெங்களூர்ல நாங்க காய்ச்சுவோம், அது எங்களுக்கு. ரெண்டு ஊர்லயும் போர்டுல ரெண்டு பேரும் இருக்கும்."

"சொதப்பிடுச்சுன்னா?"

"மொத்தமும் சாக்கடைக்கு. மால்ட் நஷ்டம் இவங்களுக்கு, ஹாப்ஸ் ஆளுக்குப் பாதி. மெயில்ல எழுதியிருக்கோம்."

"ரெசிபியை இப்படித் தூக்கிக் கொடுத்துட்டியேடா?"

"அம்மா வைக்கிற குழம்புக்கு எல்லாருக்கும்தான் ரெசிபி தெரியும், யாருக்கு அந்த ருசி வருது?"

பேசாம வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தும் யோசனை விடலை. இதுக்குச் சட்டத்துலயே இடம் இருக்கு. பி.காம் படிச்சவங்க ஞாபகப்படுத்திப் பாருங்க. 1932ம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், எட்டாவது பிரிவு. ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் ரெண்டு பேர் பங்குதாரர் ஆகலாம்ங்குது. நாப்பத்திரெண்டாவது பிரிவு, வேற மாதிரி பேசி வைக்காத பட்சத்துல அந்தக் காரியம் முடிஞ்சதும் கூட்டும் முடிஞ்சுதுங்குது. பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வியாப் படிச்சுட்டு நாம மறந்துபோனது இது. நம்ம ஆட்களுக்குக் கூட்டுன்னா ஒண்ணு ஆயுசு பூரா, இல்லைன்னா கிடையவே கிடையாது. நம்ம மொழியைப் பாருங்க, 'பங்காளி'ன்னா பங்கு உள்ளவன். 'பங்காளிச் சண்டை'ன்னா தலைமுறைக்கும் தீராத சண்டை!

என் மேஜைக்கு வந்த ஒரு கேஸ். இங்கே பிம்ப்ரி பக்கம் நம்ம ஊர்க்காரங்க ரெண்டு பேர் சேர்ந்து கேட்டரிங் நடத்தினாங்க. இட்லி, சாம்பார், கல்யாண ஆர்டர்னு நல்லா ஓடிச்சு. ஒரு பெரிய ஆர்டர்ல மனஸ்தாபம். ஒருத்தர் கணக்கை நிறுத்தச் சொல்லி பேங்க்குக்கு லெட்டர் கொடுத்துட்டார். தகராறுன்னு பங்குதாரர் எழுதிக் கொடுத்தா நாங்க நிறுத்தியே ஆகணும். உள்ளே பணம் இருக்கு, தவணை கட்ட முடியலை. தொண்ணூறு நாள் தாண்டிச்சு, லோன் வாராக்கடன் ஆச்சு. ரெண்டு பேருமே நல்லவங்க. எந்தச் செலவு யாருதுன்னு எழுதி வைக்கலை, அவ்வளவுதான்.

அமெரிக்காவுல இதையே எப்படித் தீர்த்தாங்கன்னு ஒரு கதை இருக்கு. கொலராடோவுல ஏவரி ப்ரூவிங், கலிஃபோர்னியாவுல ரஷ்யன் ரிவர். ரெண்டு பேர்கிட்டயும் 'சால்வேஷன்'ங்கற ஒரே பேர்ல ஒரு பீர். வக்கீலுக்கு நல்ல வேட்டை. ஆனா ஆடம் ஏவரியும் வின்னி சிலுர்ஸோவும் கோர்ட்டுக்குப் போகலை. ரெண்டு பீரையும் கலந்து ஒரே பீரா 2006ல வெளியிட்டாங்க. அதுக்கு வச்ச பேரு 'கொலாபரேஷன் நாட் லிட்டிகேஷன்'. வழக்கு வேண்டாம், கூட்டு போதும்னு பாட்டில் மேலயே எழுதிட்டாங்க. அது பெல்ஜியம் பாணி பீர், ஐபிஏ இல்லை. ஆனா கூட்டுக் காய்ச்சல்னு பேச்செடுத்தா இன்னிக்கும் அதைத்தான் முதல்ல சொல்றாங்க.

2018 நவம்பர்ல கலிஃபோர்னியாவுல பாரடைஸ்ங்கற ஊரே தீயில போச்சு, 85 பேர் செத்தாங்க. பக்கத்து சீக்கோ ஊர்ல இருக்கற சியரா நெவாடா கம்பெனி 'ரெசிலியன்ஸ்'னு ஒரு ஐபிஏ ரெசிபியை எல்லாருக்கும் கொடுத்துச்சு. 1,400க்கும் மேற்பட்ட ப்ரூவரிகள் அதைக் காய்ச்சி நிவாரணத்துக்குக் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. போட்டிக்காரன் எல்லாம் ஒரே ரெசிபி, ஒரே தடவை. வேலை முடிஞ்சதும் அவனவன் கடைக்கு அவனவன்.

இந்த ஐபிஏவோட பூர்வீகத்துலயும் ஒரு கணக்குப் பாடம் இருக்கு. லண்டன் பௌ பகுதில ஹாட்ஜ்சன்னு ஒரு ப்ரூவர். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கேப்டன்களுக்குப் பதினெட்டு மாசம் வரைக்கும் கடன் கொடுத்தார். சந்தை அவர் கைக்கு வந்துச்சு. பின்னால வந்தவங்க 1820கள்ல கடனை நிறுத்தி, விலையை ஏத்தி, கேப்டன்களைத் தள்ளிட்டுத் தாங்களே ஏத்துமதி பண்ணப் பார்த்தாங்க. பர்ட்டன் ஊர்க்காரங்க புகுந்து சந்தையைப் பிடிச்சுட்டாங்க. கூட இருந்தவனோட பங்குலயும் கையை வச்சதுக்குக் கிடைச்ச கூலி.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். கொலாப்ங்கறது இப்போ பாதி விளம்பரம்தான். மாசத்துக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சா பேரு ரெண்டு இருக்கும், சரக்கு பழசாவே இருக்கும், விலை மட்டும் கூடும். சேர்ந்து காய்ச்சறவங்க நாளைக்குச் சேர்ந்து விலையும் வைக்க ஆரம்பிச்சா அது கூட்டு இல்லை, கூட்டுக்கொள்ளை. 2002ம் வருஷப் போட்டிச் சட்டத்துல அதுக்குத் தனியா வேட்டு இருக்கு. அண்டாவைப் பகிர்ந்துக்கலாம், விலைப்பட்டியலைப் பகிர்ந்துக்கக் கூடாது. இதை ஒத்துக்கிட்டுத்தான் சொல்றேன், ஒரு காரியத்துக்கு மட்டும் கூட்டுங்கற வழி நம்ம சின்ன வியாபாரிகளுக்குத்தான் ரொம்பத் தேவை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்க அப்பா.

கோவில்பட்டில அப்பாவும் அவரோட சிநேகிதரும் கடலைமிட்டாய்க் கடை வச்சிருந்தாங்க. இன்னிக்குப் புவிசார் குறியீடெல்லாம் வாங்கின அதே மிட்டாய்தான். நான் ஏழாவது படிக்கும்போது ஒரு தீபாவளிச் சரக்குல வெல்லம் வாங்கின கணக்கு இடிச்சுது. எழுதி வச்சது யாரும் இல்லை. நீ சொன்னே, நான் சொன்னேன்னு ஆரம்பிச்சு கடையில நடுவுல சுவர் எழும்பிச்சு. அவர் வீட்டுல நான் சாப்பிடாத நாளே கிடையாது. அதோட அந்த வாசலை மிதிக்கலை. 2011ல அவர் இறந்துட்டார். அப்பா வேட்டி மாத்திக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டார்.

மூணு வாரம் கழிச்சு அந்தப் பீர் விற்பனைக்கு வந்து, பத்து நாள்ல தீர்ந்துபோச்சு. இந்த ரகம் வாசனை போறதுக்குள்ள வித்தாகணும். கப்பல்ல மாசக்கணக்கா வந்த ஐபிஏ பேரை வச்சுக்கிட்டு இது அல்பாயுசு. ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட போன்ல பேசும்போது, பேரன் பண்ணின காரியத்தைச் சொன்னேன். அக்காவைப் பத்திக் கொஞ்சம் பயம்தான், ஆனாலும் பீர்னே சொல்லிட்டேன். அப்பா அதைக் கண்டுக்கவே இல்லை.

"கணக்கு யாரு எழுதுனது?"ன்னு கேட்டார்.

"ரெண்டு பேரும்தான்பா. ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே எழுதிட்டாங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சரக்கு வித்து முடிஞ்ச பெறகும் பேசிக்கிடுதாங்களா?"

"அடுத்த மாசம் இவங்க பெங்களூருக்குப் போறாங்கப்பா, அங்கே காய்ச்ச."

"நல்லா இருக்கட்டும்"னு சொல்லிட்டு போனை அம்மாகிட்டக் கொடுத்துட்டார்.

புனேலயோ சூரத்லயோ டெல்லிலயோ நம்மாளோட சேர்ந்து மாவு அரைச்சு விக்கலாம், சீட்டு போடலாம், பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடலாம்னு யோசிக்கற நண்பர்களே, முதல்ல ஒரு காரியத்துக்கு மட்டும் சேருங்க. ஒரு பக்கம் எழுதுங்க. யார் என்ன போடறோம், நஷ்டம் யாருக்கு, பேரு எப்படி வரும், என்னிக்கு முடியும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. சிநேகிதன்கிட்ட எழுதி வாங்கறதான்னு கூச்சப்படாதீங்க. சிநேகிதம் மிஞ்சணும்னுதான் எழுதறது.

பி.கு.: அக்காவுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. "ஃபுட் கம்பெனிதானே, பீரும் கோதுமைதானேடா தம்பி"ங்கறா. நான் வாயைத் திறக்கலை :-)