பெஞ்சில் உட்கார்ந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளை?

மே மாதம் பிறந்தால் போதும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தெருவுக்குத் தெரு தனியார் பள்ளி விளம்பரம் தொங்குகிறது. "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்கிறார்கள். சர்க்கார் பள்ளியைக் காட்டி, "அங்கே என்ன படிப்பு?" என்றும் கேட்கிறார்கள். தேர்ச்சியை ஒப்பிடுமுன் ஒரு விஷயத்தைக் கேட்டாக வேண்டும். அங்கே பெஞ்சில் இருப்பது யார் வீட்டுப் பிள்ளை? இங்கே இருப்பது யார் வீட்டுப் பிள்ளை?

எஸ்டேட் கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக உழைப்பவரின் பிள்ளை, நாற்று நடப் போகும் தாயின் பிள்ளை, பாத்திரம் தேய்க்கும் தாயின் பிள்ளை இங்கேதான். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளை இங்கேதான். அதனால்தானே 2022-ல் காலை உணவுத் திட்டமே வந்தது! திருவள்ளூர் வட்டாரச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நடு வருஷத்தில் வந்து, சூளை அணைந்ததும் போய்விடும் அந்தப் பிள்ளைகளுக்கு எந்த மெட்ரிக் பள்ளி கதவைத் திறக்கும்? "இடமில்லை" என்று தனியார் சொல்லலாம். சர்க்கார் பள்ளி சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2009-ம் வருஷச் சட்டப்படி தனியார் பள்ளியின் ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு, கட்டணம் சர்க்காருடையது. அந்த இடத்தைப் பெற்ற தொழிலாளியைக் குறை சொல்ல மாட்டோம். தன் பிள்ளை இங்கிலீஷ் படிக்கவேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமா? ஆனால் ஏழைகளிலும் யாருக்கு அது கிடைக்கிறது? சான்றிதழ்களுக்காக ஷிப்டை விட்டுத் தாலுகா ஆபீசுக்கு அலையக் கூடியவருக்கு.

2025-ல் நடந்ததைப் பாருங்கள். மத்திய சர்க்கார் கல்விப் பணத்தை நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டில் இந்தச் சேர்க்கையே தொடங்கவில்லை. பள்ளி திறந்து நாலு மாதம் கழித்து, அக்டோபரில் தொடங்கியபோது, ஏற்கனவே அப்பள்ளிகளில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளிலிருந்தே ஆள் எடுத்தார்கள். கட்டிய பணம் திரும்ப வரும் என்றார்கள். ஜூனில் கட்டுவதற்கே பணமில்லாதவரின் பிள்ளை என்ன ஆவது? ஏழைக்காக வைத்த கதவு, முன்பணம் இருந்தவருக்கே திறந்தது!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1991-ல் மின்னசோட்டா மாகாணம் முதல் சட்டம் போட்டது. பணம் சர்க்காருடையது, நிர்வாகம் தனியாருடையது. "சார்ட்டர் பள்ளி" என்று பெயர். கறுப்பினப் பிள்ளைகளை அவை ஒதுக்கின என்று சொல்ல முடியாது. பல நகரங்களில் அவர்களே அங்கே அதிகம். ஆனால் 2009-10 கணக்கை அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது, மற்றப் பொதுப் பள்ளிகளில் உடற்குறையோ கற்றல் குறையோ உள்ள பிள்ளைகள் நூற்றுக்கு 11, சார்ட்டரில் 8. கூடுதல் ஆசிரியர் தேவைப்படும் பிள்ளை எங்கே தங்கியது என்று தெரிகிறதல்லவா?

கோத்தாரி கமிஷன் 1966-லேயே சொன்னது: வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பொதுப் பள்ளி. 2011-ல் சுப்ரீம் கோர்ட் வரை போய்ச் சமச்சீர் பாடத்தை வென்றோம். புத்தகம் ஒன்றாயிற்று, பெஞ்சு ஒன்றாகவில்லை.

அந்த 25 சதவீத இடமும் எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக் கட்டணத்தைக் கேட்டதும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தகப்பன் திரும்பி வருவது நம் சர்க்கார் பள்ளிக்குத்தான். அன்றைக்கு அங்கே கணக்கு வாத்தியார் இருக்க வேண்டும், சோதனைச்சாலை இருக்க வேண்டும், பெண் பிள்ளைகளுக்குக் கக்கூசில் தண்ணீர் வர வேண்டும்.